நான்காவது சக்கரம்

ரிமூவர் தடவிப் பத்து நிமிஷம்.
எண்ணெயில் போட்ட வடகம் மாதிரி
கறுப்பு பொரிந்து எழும்புகிறது.
சுரண்டினால் ஒரு சிவப்பு.
கூத்தாநல்லூர் ஜர்ஜிஸ் வாங்கும்போது
ஒரே ஓனர் என்றுதான் சொன்னார்களாம்.

எண்பதில் தொடங்கி அறுநூறு வரை உப்புத்தாள்.
ரேஷன் கடை மெஷின் நேற்று
என் பெருவிரலைப் பார்த்து
யாரோ என்றது.

பக்கத்துத் தாளடியில் அறுப்பு மெஷின்.
வாசலில் ஈரச்சாக்கு கட்டி
மூன்று சக்கரத்துக்கு லாக்கர் அடித்தேன்.
மூன்றாவதில்
ஒரு நெல்சுணை வந்து ஒட்டிக்கொண்டது.
உட்பக்கம்தான்.
விட்டுவிட்டேன்.

நான்காவதில்
சிவப்புக்கு அடியில்
ஆரக்காலின் கழுத்தில்
விரல் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு.
ஸ்பேனரால் தட்டினேன்.
மற்ற மூன்றும் மணி,
இது விரிசல் விட்ட பானை.

போனில் ஜர்ஜிஸ் கேட்டார்:
"மறுபடி கறுப்பு அடிச்சா தெரியாதுல்ல?"

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல்மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி
பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.
அந்தச் சத்தத்தில்
எதுவும் சொல்ல முடியாது.

கடைசிப் பெட்டியும் போனது.

"தெரியாது பாய்" என்றேன்,
"அதான் அடிக்கல."