மதிலின் அகலம்

ஐஸ்லாந்தின் ஒரு மலைச் சரிவில் இரும்புக் கம்பம்.
பனியின் ஆழம் அளந்து
கீழே ஊருக்குச் சொல்வது அதன் வேலை.
அது கேட்பதெல்லாம் பன்னிரண்டு வோல்ட்,
கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பேட்டரி அப்படி இல்லை.
காற்றாடி சுழன்ற பகலில் பதினான்கு,
காற்று விழுந்த இரவில் பதினொன்று.
நடுவில் ஒரு சுருள், நான்கு சுவிட்ச்.
மிகுந்தால் இடப்பக்க இரண்டும்
வெட்டி வெட்டி இறக்கும்.
குறைந்தால் வலப்பக்க இரண்டும்
சுருளை நிரப்பி, உதறி, உயர்த்தும்.
நொடிக்கு மூன்று லட்சம் முறை.
யார் காதிலும் விழாது.

தோர்மோத் தொலைபேசியில் சொன்னான்:
"ராத்திரி இரண்டரைக்கு
பனி நாலு மீட்டர் என்றது,
அடுத்த நிமிடம் ஒன்றரை,
மறுபடி நாலு.
பதினோரு வீட்டை எழுப்பிவிட்டேன்.
போர்வையோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.
ஒன்றும் சரியவில்லை."
திட்டவில்லை அவன்.
அதுதான் ஓட்னிக்கு உறைத்தது.

அகுரேரியில், மேசைமேல்,
அதே மாதிரிப் பலகையை வைத்து
உள்ளே வரும் அழுத்தத்தை
மெல்ல மெல்லக் குறைத்தாள்.
பதின்மூன்று: கோடு நேர்.
பதினொன்று: கோடு நேர்.
சரியாகப் பன்னிரண்டில்
திரை நடுங்கியது.

வருவதும் போவதும் சமமான இடத்தில்
செய்ய வேலையே இல்லை ஏறக்குறைய.
அங்கேதான் அது
இறக்கு என்கிறது, இல்லை ஏற்று என்கிறது,
திருத்தியதைத் திருத்தி
அதையும் திருத்தி.
மதில்மேல் பூனை என்று சிரிப்போமே,
இந்தப் பூனைக்கு
உட்கார மதிலே இல்லை.
ஒரு கோட்டைத்தான் கொடுத்திருந்தாள்.

கோட்டைப் பட்டையாக்கினாள்.
பட்டைக்குள் நான்கு சுவிட்சும்
ஒவ்வொரு சுற்றிலும் முறைவைத்து இயங்கும்.
கொஞ்சம் சூடாகும், ஆகட்டும்.
உள்ளே நுழைய ஓர் எல்லை,
வெளியேற அதற்கும் அப்பால் இன்னொன்று.

பனிவண்டியில் மேலே போனார்கள்.
"இரண்டு எல்லைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால்
எதைச் செய்யும்?"
"முன்பு எதைச் செய்துகொண்டிருந்ததோ அதை."
"எங்கள் ஊராட்சி மன்றம் போல" என்றான்,
பெட்டியின் கடைசித் திருகை இறுக்கிக்கொண்டே.

அன்றிரவு வீட்டில் விழித்திருந்தாள்.
இரண்டு நாற்பதுக்குப் பேட்டரி
பன்னிரண்டைக் கடந்தது.
பனி
ஒன்று ஐம்பத்திரண்டு.
ஒன்று ஐம்பத்திரண்டு.
ஒன்று ஐம்பத்து மூன்று.
அந்த ஒரு சென்டிமீட்டரை
நம்ப முடியாமல் அவனை அழைத்தாள்.
தூக்கக் குரல். திரைச்சீலை விலகும் சத்தம்.
"பெய்கிறது" என்றான்.