முட்தோலி

கண்ணாடி உள்ளே வரக்கூடாது.
அது விதி. அதனால்
ஜெய்த்தூன் மிஸ் கொண்டுவந்த ஜாடி
கேட்டிலேயே, செருப்புகளுக்குப் பக்கத்தில்
நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது,
ஃபார்மலினில் ஒரு கடல் அட்டையோடு.

உள்ளே நாங்கள் பதினான்கு பேர்.
பைக் எடுத்த பூமிராஜுக்கும்
கத்தி எடுத்த கோட்டைமுனிக்கும் எனக்கும்
அதுவரை ஒரே பாடம்.
இரட்டைக்கோடு நோட்டில்
‘அணில் மரத்தில் ஏறியது’, நாற்பது முறை.
கோட்டைமுனிக்கு மீசை வந்துவிட்டது.
அணில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

மிஸ் வந்த அன்று கேட்டது
யார் எந்த வகுப்பில் நின்றோம் என்று.
என்ன வழக்கு என்று கேட்கவில்லை.
பதினொன்று, உயிரியல், என்றேன்.
அடுத்த வாரம் புத்தகம் வந்தது.
புதுசு. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

புத்தகத்தில் அதன் பெயர் கடல் வெள்ளரி.
வேதாளைக் கரையில் ஒருத்தரும்
அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.
அவித்து, உப்பிட்டு, காயவைத்த மூட்டையை
ராத்திரியில் வத்தையில் ஏற்றினால்
ஒரு நடைக்கு ஆயிரத்து ஐந்நூறு.
இரண்டாவது நடையில் டார்ச் வெளிச்சம்.

எத்தனை மூட்டை, யார் கொடுத்தான்,
எந்தத் திட்டில் இறக்கச் சொன்னான்.
அந்த உயிரைப் பற்றி
அதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.
மிஸ் கேட்டார்:
அது எப்படி மூச்சு விடும்?

ஆயிரம் அட்டை தொட்ட கை.
தெரியவில்லை.
பின்பக்கத்தால், என்றார், முகம் மாறாமல்.
முதலில் பூமிராஜ் வெடித்தான்.
பிறகு பெஞ்சே ஆடியது.
சண்டை என்று நினைத்து
வார்டன் லத்தியோடு ஓடிவந்தார்.

அடுத்த பத்திக்கு யாரும் சிரிக்கவில்லை.
மிரண்டால் தன் குடலையே
வெளியே தள்ளிவிட்டு நகர்ந்துவிடுமாம்.
சில வாரத்தில் வேறு வளர்ந்துவிடுமாம்.
வலிக்குமா மிஸ்? பூமிராஜ்தான்.
புத்தகத்தில் இல்லை, தேடிப் பார்க்கிறேன், என்றார்.
செவ்வாய்க்கிழமை வந்து
யாருக்கும் சரியாகத் தெரியவில்லையாம், என்றார்.

ஜாடி வராததால் கரும்பலகையில்
நான் வரைந்தேன்:
வெள்ளை அட்டை, ராஜா அட்டை, குச்சி அட்டை.
எது மணலில் புதையும்,
எது பாறை இடுக்கில் கிடக்கும்.
மிஸ் தன் நோட்டை எடுத்து
எழுதிக்கொண்டார்.
என் பேச்சை யாரோ எழுதிக்கொள்வது
அது இரண்டாம் முறை.
இந்த முறை கையெழுத்து கேட்கவில்லை.

ஜாமீன் வந்தது ஒரு வியாழக்கிழமை,
பாடம் பாதியில் இருக்கும்போது.
புத்தகத்தில் இல்லத்து முத்திரை.
தட்டு, டம்ளர், போர்வையோடு
அதையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
எழுபத்தொன்றாம் பக்கம் என்று
உள்ளங்கையில் எழுதியிருந்தேன்.
உச்சிப்புளி தாண்டுவதற்குள் வியர்வையில் கலங்கிவிட்டது.

பஸ் ஜன்னலில் கச்சான் காற்று மணலை வீசியது.
மெலிஞ்சு போயிட்ட, அடிச்சாங்களா, என்றாள் அம்மா.
வக்கீலுக்கு வைத்த தோடு பற்றி எதுவும் சொல்லவில்லை.
காது மட்டும் வெறுமையாக இருந்தது.
என் டி.சி. எங்கம்மா இருக்கு, என்றேன்.
வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள்.
முதல்ல இதத் தின்னு.

தின்றேன்.
மறுபடி கேட்டேன்.