ரிவர்ஸ்

நவம்பரிலிருந்து ரிவர்ஸ் விழவில்லை.
மேடே இல்லாத சஸ்காட்செவனில்
மேடு தேடித் தேடி நிறுத்தினாள் ஒரீசியா,
பின்னால் உருண்டு வெளியேற.

ஆயில் தட்டைக் கழற்றியதும்
கருகிய ரொட்டி வாசனை.
காந்தம் முழுக்க
சாம்பல் நிற இரும்பு மயிர்.

"டீசல் என்ஜின்
நம்மையெல்லாம் புதைத்துவிட்டுத்தான் சாகும்,"
என்றான் லூபோமிர்,
மேல் போல்ட்டுக்குக் கை எட்டாமல்
தெரிந்த வசவெல்லாம் தீர்ந்த பிறகு.

குடிகாரனைக் கட்டிலில் கிடத்துவதுபோல்
பழைய கியர்பெட்டியை
ஜாக்கில் இறக்கினார்கள்.

மூன்றாம் நாள் மாலை
புதியதற்கு எண்ணெய் ஊற்றி
லீவரைத் தள்ளினாள்.
ஒன்றுமில்லை.
பிறகு,
ஓர் உலுக்கல்.

அப்புறம் நிறுத்தவேயில்லை.
கொட்டகை, டீசல் தொட்டி, தபால்பெட்டி தாண்டிப்
பனிப்பாதை நெடுக
பின்னாலேயே போனாள்,

மிச்சமான ஒற்றை போல்ட்டை
உயர்த்திக் காட்டியபடி
லூபோமிர் கத்திக்கொண்டே ஓடிவர.