பத்துக்குப் பதினெட்டு

கொரியப் புல், சதுர அடி நாற்பத்தெட்டு ரூபாய்.
டெம்போவில் பாய் பாயாக வந்து இறங்கியது
புழுதிவாக்கத்துக்கு, ஒரு தை மாதக் காலையில்.
அமலதாசின் ஆசை. அவர் மஸ்கட்டில்.
அங்கே கேட்காமல் ஒரு புல்லும் முளைப்பதில்லையாம்.
"கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டு" என்பார் தினமும்.
காட்டுவேன்.
பத்துக்குப் பதினெட்டு அடிப் பச்சை.

நாங்கள் காசு கொடுத்தது அந்தப் புல்லுக்கு மட்டும்.
செம்மண் லாரியில்
டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்திருக்கிறது கோரை.
மூன்றாம் வாரம் எட்டிப் பார்த்தது.
இழுத்தேன். சுலபமாக வந்தது.
அவ்வளவு சுலபமாக வருவதைச் சந்தேகப்பட வேண்டும் என்று
அப்போது தோன்றவில்லை.

கன்னியப்பன் மாதம் இரண்டு முறை வருவார்,
சைக்கிள் பாரில் கத்தரியைக் கட்டிக்கொண்டு.
"இழுக்காதீங்கம்மா.
தலையக் குடுத்துட்டு, கீழ கிழங்கு ஒக்காந்திருக்கும்.
ஒண்ணப் புடுங்குனா நாலு பேரக் கூட்டியாரும்."
மருந்து?
"அடிக்கலாம். எது கோரை, எது நீங்க காசு குடுத்ததுன்னு
அதுக்குத் தெரியாது."

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்ததும்,
அவருடைய டூல் பாக்ஸிலிருந்து தட்டை ஸ்க்ரூடிரைவர்.
குத்தி நெம்பினால் ஒரு கருப்பு மணி.
மணியிலிருந்து ஒரு நூல். நூலின் முனையில் இன்னொரு மணி.
மண்ணுக்கடியில் யாரோ ஜெபமாலை உருட்டுகிறார்கள்.
ஐந்தாவது மணி வரை போயிருக்கிறேன்.
அதற்குமேல் அறுந்துவிடும்.
கையில் மிஞ்சுவது வாசனை;
அது நன்றாகவே இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

பதின்மூன்று வயதில், உதட்டுக்கு மேல் முடி வராமலிருக்க
மஞ்சளோடு அரைத்துப் பூசினார்கள் எனக்கு இதே கிழங்கை.
என் முகத்தில் பலித்தது.
நிலத்தின் முகத்தில் இல்லை.

ஆடியில் இரண்டு மழை. விடிந்தால் ஒரு நண்டு,
எட்டுத் திசைக்கும் கால் பரப்பிப் படுத்திருக்கிறது,
கணுவுக்குக் கணு வேரை ஊன்றிக்கொண்டு.
"நண்டுக்கால் புல்லு" என்றார் கன்னியப்பன்.
"ஒட்ட வெட்டச் சொன்னது யாரு?
வெயில் மண்ணத் தொட்டா வெத முழிச்சுக்கும்."
ஒட்ட வெட்டச் சொன்னது மஸ்கட்.
கார்ப்பெட் மாதிரி இருக்கணும்.
அன்றிரவு போனில் கால் மணி நேரம்
ஒன்றரை அங்குலத்துக்காகச் சண்டை போட்டோம்.
வேறு எதற்கோ சேர்த்தும்.

சதுர்த்தி அன்று காலை ஆறு மணிக்கு
மதிலுக்கு மேல் வைஜயந்தியின் தலை.
"உங்க தோட்டத்துல அருகம்புல் இருக்குமா?
இருபத்தோரு கொழுந்து போதும்.
கட்டு முப்பது ரூபா சொல்றான் கூசாம."
முந்தின நாள் பிடுங்கியது முழு பக்கெட்.
அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.
படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.
"இது அருகு. இது இல்ல. இதுவும் இல்ல."
நண்டுக்காலைப் பிள்ளையாரும் ஏற்பதில்லை போலிருக்கிறது.
சாயங்காலம் பக்கெட் திரும்பி வந்தது,
கழுவி, உள்ளே ஒரு டப்பா கொழுக்கட்டையோடு.
களைக்குக் கிடைத்த முதல் கூலி.
நின்றபடியே நாலு தின்றேன்.

இன்று மழை விட்ட பிறகு கேமராவைக் கீழே காட்டினேன்.
மீட்டர் பெட்டி மூலையில் மட்டும் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன்;
அங்கே கோரை பூவே விட்டிருக்கிறது.
"நல்லா பச்சையா இருக்கு" என்றார்.
பச்சைதான். அதில் பொய் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாராம், முப்பத்தைந்து நாள் லீவு.
முதல் வேலை, வெறுங்காலோடு அதில் நடப்பதாம்.
நடக்கட்டும்.
இன்னொரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி வைத்திருக்கிறேன்.