படுக்கை விருப்பம்

பிப்ரவரிக்கு அறை கேட்டு
ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார்கள்,
மூஸ் ஜா என்னும் ஊரிலிருந்து.
வரைபடத்தில் தேடிப் பார்த்தேன்.
கனடாவின் நடுவயிறு.
எந்தப் பக்கம் நடந்தாலும்
கடல் வர மாதக்கணக்காகும்.

"கடல் பார்த்த அறை. ஏழு இரவு. பெரிய கட்டில் ஒன்று.
காலையில் அலைச்சத்தம் கேட்குமா?"
கேட்கும் என்று எழுதினேன்.
ஜெனரேட்டரும் கேட்கும் என்பதை எழுதவில்லை.

ஆன்டிகுவாவில் இந்த மேசையில் பதினோரு வருடம்.
கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறார்கள் மேசையை.

செப்டம்பரில் டார்லீன் கேட்டாள்: கரையில் பாசி ஒதுங்குமாமே?
ஒதுங்கும். விடியுமுன் டிராக்டர் வந்து அள்ளிவிடும்.
அக்டோபரில் ஓரெஸ்ட்:
எனக்கு மீன் ஆகாது, இறால் ஆகுமா தெரியாது.
புயலொன்று எங்களை விட்டுவிட்டு
வடக்கே திரும்பிய வாரம் அது.
என் வீட்டுக் கூரைத் தகட்டைக் கம்பியால் கட்டிவிட்டு வந்து
இறால் பற்றி விரிவாகப் பதில் எழுதினேன்.

நவம்பரில் ஒரே வரி:
"ஒற்றைக் கட்டில் இரண்டு போதும்."
யார் எழுதியது என்று பெயர் இல்லை.

வெளியே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்:
எங்கள் பெரிய கட்டில் எல்லாமே
ஒற்றைக் கட்டில் இரண்டுதான்.
மெத்தைகளைச் சுற்றி ஒரு பட்டை,
நாலு விரல் அகலம், கருநீலம், இரும்புக் கொக்கி.
இறுக்கினால் தம்பதி.
தளர்த்தினால் சிநேகிதர்கள்.
மேலே விரிக்கிற துணி மட்டும் வேறு.

டிசம்பரில் மறுபடி பெரிய கட்டில்,
முன்பு எழுதியது தவறு, மன்னிக்கவும் என்று.
ஜனவரி நான்கு, ஒற்றை இரண்டு.
ஜனவரி ஒன்பது, தனித்தனி அறை என்றால் என்ன விலை?
விலையைச் சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது.
பணம் திரும்பாத கட்டணத்தில் எடுத்திருந்தார்கள்.
அதை வாரம் ஒருமுறை நினைவூட்டியது கணினி,
என் பெயரிலேயே, "அன்புடன், ஜாய்செலின்."

"ஏதாவது ஒன்றை முடிவு பண்ணச் சொல்லு,"
என்றாள் அறைகளைப் பார்க்கும் இனெட்டா.
"அவர்கள் கல்யாணத்தை என் இடுப்பா தாங்கும்?"

கடைசியாக வந்த படிவத்தில் எல்லாம் நிரப்பியிருந்தது,
பாஸ்போர்ட் எண், விமானம், இறால்.
படுக்கை விருப்பம் என்ற கட்டம் மட்டும் காலி.
ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடு என்றேன்.
பட்டையைச் சுருட்டி அலமாரியில் வை,
கண்ணில் படுகிற மாதிரி.

இருவருமே வந்தார்கள்.
விமானத்தில் வேறு வேறு வரிசையாம்;
அழைத்துவந்த டாக்சிக்காரர் கத்பர்ட் சொன்னார்.
அவள் தொப்பியில் விலைச்சீட்டு தொங்கியது.
அவர் காலில் இன்னும் பனிக்கால பூட்ஸ்.

அதற்குமேல் எனக்கு அதிகம் தெரியாது.
மூன்றாம் நாள் இறால் ஆகிறது என்று
சமையலறையிலிருந்து தகவல் வந்தது.
ஐந்தாம் நாள் பாசி வந்தது, டிராக்டர் வந்தது.
டார்லீன் கடலை விட்டுவிட்டு டிராக்டரைப் படம் எடுத்தாள்.

கிளம்புகிற காலை இனெட்டா போன் செய்தாள்.
"கட்டில் தள்ளித் தள்ளித்தான் கிடக்கிறது.
ஒன்று கலையவே இல்லை.
பால்கனி நாற்காலியில் ஒரு தலையணை.
பட்டையைக் காணோம்."

பட்டை என் எதிரே இருந்தது.
ஜிப் பிய்ந்த பெட்டியொன்றைச் சுற்றி.
அவள் முழங்காலால் அழுத்த,
அவர் பல்லைக் கடித்துக் கொக்கியை இழுத்தார்.
பெட்டி யாருடையது, தெரியவில்லை.
ஓரத்தில் தொப்பியின் விளிம்பு, ஒரு பூட்ஸின் நாடா.

பட்டை ஒன்று, நாற்பத்தைந்து டாலர்
என்று பில்லில் தட்டினேன்.
எதற்கு என்று கேட்காமல் ஓரெஸ்ட் கையெழுத்திட்டார்.

மூன்று மணிக்கு அதே அறைக்கு
தேனிலவுக்காரர்கள்.
மாடியேறிப் போய்ப் பார்த்தால்,
துணி காயப்போடும் கயிற்றை இரட்டையாக முறுக்கி
இரண்டு மெத்தைகளையும் சேர்த்து
கட்டிக்கொண்டிருந்தாள் இனெட்டா.