எட்டடி வேலி

படிவத்தின் பதினேழாம் பக்கம் கேட்கிறது:
உங்கள் கிடங்கில் ஒருவன் திருட நினைத்தால்
எந்த வழியாக வருவான்?

பதினொரு வருஷமாக இங்கே கணக்கு எழுதுகிறேன்.
வடக்கு டகோட்டாவில், ரயில் நிற்காத ஊரில்,
விவசாயக் கூட்டுறவின் உரக்கிடங்கு.
அமோனியம் நைட்ரேட் மூட்டை ஒன்று குறைந்தால்
முதலில் என் தூக்கம்தான் குறையும்.
அடுத்த வீட்டு மரத்து ஆப்பிளைக்கூட
கேட்காமல் பறித்ததில்லை நான்.
என்னைப் பார்த்துச் சொல்கிறது அரசாங்கம்:
திருடனாக யோசி.

சரி.
ஜனவரி. இரவு ஒன்பது. மைனஸ் இருபத்தெட்டு.
அலுவலக விளக்கை அணைத்துவிட்டு
என் கிடங்கில் நானே திருடப் புறப்பட்டேன்.

முன்வாசலில் இரட்டைப் பூட்டு. நல்லது.
பின்வாசல், அட்டையைக் காட்டினால்தான் திறக்கும்.
அந்த அட்டையை ஆர்லன் தன் லாரிக் கண்ணாடியில்
ஜெபமாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறான்.
லாரிக் கதவைப் பூட்டும் பழக்கம்
இந்த ஊரில் யாருக்கும் இல்லை.
குறித்துக்கொண்டேன்.
பக்கக் கதவின் தாழ்ப்பாளில் மடித்த அட்டைத் துண்டு;
சிகரெட்டுக்கு வெளியே போகிறவர்
திரும்பி வர வைத்த உபாயம்.
யார் என்று தெரியும். என் கணவர்.
அதையும் குறித்துக்கொண்டேன், பெயர் எழுதாமல்.

வடமேற்கு மூலைக்கு வந்தால்
வேலியைக் காணோம்.

மூன்று நாள் காற்று
கனடாவின் பனியை எல்லாம் அள்ளி வந்து
அங்கே கொட்டியிருந்தது.
உச்சியில் முள்கம்பி மட்டும்
அறுத்த வயலில் மிஞ்சிய தாள்கள் மாதிரி.
ஏறினேன்.
கம்பியைத் தாண்டி, மாடிப்படி இறங்குகிறவள் போல
உள்ளே இறங்கினேன்.
கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது,
கண்ணில் புரை விழுந்து.

பயிரை மேய்ந்த வேலியைக் கேள்விப்பட்டிருக்கிறோம்.
வேலியை மேய்ந்த பனியை
எந்தப் பழமொழியில் கட்டுவது?

ஜூன் மாதம் வந்தார் ஆய்வாளர் கின்டேரோ.
தெற்கே எல்லையோர ஊர்க்காரர்,
தொப்பிக்குள் வேர்வை.
மஞ்சள் பூக்களுக்கு நடுவே இரும்பு நாடாவை நிறுத்தி
எட்டடி இரண்டு அங்குலம் என்றார், டிக் போட்டார்,
ருபார்ப் பை இரண்டு துண்டு சாப்பிட்டார்.
அவர்மேல் குற்றமில்லை.
அன்று வேலி எட்டடிதான்.

டார்ச்சைத் தாழ்த்தியபோதுதான் பார்த்தேன்.
எனக்கு முன்பே யாரோ வந்திருக்கிறார்கள்.
மேட்டின் உச்சியிலிருந்து
இரண்டு நேர்கோடுகள், பக்கத்துப் பக்கத்தில்,
கிடங்குச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தன.
மறுபடி ஏறி, மறுபடி இறங்கி,
ஆறு தடவை, ஏழு தடவை.
ஓரத்தில் ஒரு கம்பளிக் கையுறை.
உள்ளே தைத்திருந்த துணியில்: எஸ். ஹாக்லண்ட், இரண்டாம் வகுப்பு.

அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் நின்றேனோ.
சுவருக்கு அப்பால் நாற்பது டன்.

மறுநாள் காலை மூன்று மண்வாரிகள்.
ஆர்லன், நான், முணுமுணுத்தபடி என் கணவர்.
பதிவேட்டில் ஸ்கேல் வைத்துப் புதுக் கட்டம் போட்டேன்,
இன்று வேலி எத்தனை அடி:
செவ்வாய் ஏழு. புதன் ஏழரை.
வியாழன் மறுபடி புயல், மூன்று.
வெள்ளி, முதுகு வலி, ஆறு.
இந்தக் குளிரில் யார் வந்து திருடப்போகிறார்கள் என்று
தபால்காரி டெல்லா கேட்டாள்.
கையுறையைக் காட்டினேன்.
அவளும் ஒரு மண்வாரி எடுத்துக்கொண்டாள்.

பதினேழாம் பக்கத்தை நிரப்பி அனுப்பினேன்:
வடமேற்கு மூலை வழியாக.
சறுக்குப் பலகையில்.
வயது ஏழு இருக்கும். சிரித்துக்கொண்டே வருவான்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி. கின்டேரோ.
உங்கள் பதிலுக்கு விளக்கம் தேவைப்படுகிறது,
திங்கட்கிழமை வருகிறேன், என்றார்.

விளக்கம் இங்கேதான் குவிந்து கிடக்கிறது.
வாருங்கள், என்றேன்.
பூட்ஸ் இருக்கிறதா?