வாரத்துக்கு ஒரு விரற்கடை

மெக்கலனில், கால்வாயை ஒட்டிய தெருவில்
என் தோட்டம் நாலரை மீட்டர் அகலம்.
மரமானாலும் இங்கே
ஒருக்களித்துத்தான் நிற்க வேண்டும்,
நெரிசல் டிராமில் வழிவிடும் ஆள் மாதிரி.

முதல் குளிர்காலத்தில்
பேரிக்கன்றை முழங்கால் உயரத்தில் வெட்டினேன்.
வேலிக்கு மேலே கொம்மாரின் தலை:
"வெட்டுவதற்கா நட்டாய்?"
மூன்று மொட்டு மிச்சம்.
ஒன்று மேலே போக. மற்றவை
இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று.

மே மாதம் மூன்றும் தளிர்த்தன.
மூங்கில் குச்சியைச் சாய்த்து வைத்து
பழைய காலுறையைக் கிழித்து
எட்டுப் போட்டுக் கட்டினேன்.
கம்பி அறுக்கும், சணல் இறுக்கும்.
நைலான் ஒன்றுதான்
பட்டை தடிக்கத் தடிக்க விட்டுக்கொடுக்கும்.

அதே மே மாதம்
என் வலது தோள் உறைந்துபோனது.
சீப்பு தலைக்கு எட்டவில்லை.
இயன்முறை மருத்துவர் லீசலோட்
சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.
இன்று இதுவரை.
"வலித்தால் சொல்லுங்கள்."
சொன்னேன்.
கேட்டுக்கொண்டே இழுத்தாள்.

கிளை இறங்க வேண்டும். கை ஏற வேண்டும்.
நிமிர்ந்த கிளைக்கு உயரம் மட்டுமே குறி;
படுத்த கிளையில்தான்
சாறு நிதானித்து
பூவைப் பற்றி யோசிக்கும்.
அதற்காக ஒரே நாளில் வளைத்தால்
முறியும், அல்லது முறைத்துக்கொண்டு நிற்கும்.
வாரத்துக்கு ஒரு விரற்கடை,
குச்சியை அவிழ்த்து, தாழ்த்தி, மறுபடி கட்டி,
உள்ளே போய் சுவரில் என் கோட்டைத் தேடி.

நவம்பரில் ஒரு செவ்வாய்
கிளை முதல் கம்பியில் படுத்தது.
என் கையும் தோள் மட்டத்துக்கு வந்திருந்தது.
நாங்கள் அருகருகே நீட்டிக்கொண்டு நின்றோம்.
"இப்போது ரெண்டு சிலுவை"
என்றார் கொம்மார்,
வேறு யாரும் கிடைக்காமல் தன் நாயிடம்.

பிறகு இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு.
காய் இல்லை. ஒரு பூ கூட இல்லை.
இலையில் செம்புள்ளி நோய் உண்டு,
அசுவினி உண்டு,
கொம்மாரின் அபிப்பிராயம் உண்டு.

நான்காம் குளிர்காலப் புயலில்
வேலித்தூண் இரண்டும் மண்ணோடு உளுத்து
அவர் பக்கம் சாய்ந்தன.
கம்பிகள் மரத்தையும் இழுத்தன.
இரவு உடையோடு, கத்தரிக்கோலோடு ஓடினேன்.
ஒவ்வொரு காலுறைக் கட்டாய்,
கடைசியில் தலைக்கு மேலிருந்த நுனிக்கட்டையும்
வெட்டிவிட்டேன்.
வேலி விழுந்தது.

விடிந்து பார்த்தால்
பிடிக்க ஆளில்லாமல், கட்ட ஒரு நூலில்லாமல்
ஆறு கிளையும் கிடையாகவே நின்றன.
விழுந்த பலகைகளுக்கு அந்தப் பக்கம்
வீட்டுச் செருப்போடு கொம்மார்.
இத்தனை வருடம்
இடுக்கில் நீட்டிய இலைநுனியைத் தவிர
இதை அவர் பார்த்ததே இல்லை.
வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை,
அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.
நாய் வந்து அடிமரத்தில் காலைத் தூக்கியது.

கடப்பாரை எடுத்து வந்து கேட்டார்,
"தூணை எங்கே நட?"
அங்கே, என்று காட்டினேன்.
எந்தக் கையால் என்று
கவனிக்கவில்லை.